உன் இரவு இருமலைப் பற்றி

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள மகனுக்கு,

நேற்று வீடியோவில் கதைக்கும்போது நீ அடிக்கடி தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தாய். கேட்டதற்கு ரொறன்ரோ குளிர் என்றாய். ஆனால் படுத்த பிறகுதான் இருமல் கூடுகிறது, விடிய எழும்பினால் வாய் புளிக்கிறது, குரல் கட்டியிருக்கிறது என்று நீ இடையில் சொன்னது என் மனதை விட்டுப் போகவில்லை. கடைசி ரயில் கடற்கரையால் போகிற சத்தம் கேட்டும் நித்திரை வரவில்லை. வயிற்று அமிலம் மேலே வருகிற கரைச்சல்தானோ என்று பயமாக இருக்கிறது, உன் அப்பாவுக்கு இருந்ததும் அதுதான்.

அப்பாவின் கதை உனக்கு முழுதாகத் தெரியாது. அப்போது உனக்குச் சோதனைக் காலம், சொல்ல வேண்டாம் என்று மறித்துவிட்டார். பத்து வருடமாக அவருக்கு நெஞ்செரிவு. நாங்கள் அதற்கு 'காஸ்' என்று பெயர் வைத்து வீட்டோடு வைத்திருந்தோம். கடை பூட்டி இரவு பத்தரைக்கு வருவார். வயிறு முட்டச் சோறும் இறைச்சிக் கறியும் சாப்பிட்டுவிட்டு, அரை மணித்தியாலத்தில் படுத்துவிடுவார். நடுச்சாமத்தில் நெஞ்சைத் தடவிக்கொண்டு எழும்பி இருப்பார். நான் ஜிஞ்சர் பியர் ஊற்றிக் கொடுப்பேன். பெரிய ஏவறை ஒன்று விட்டு, "இப்ப சுகமா இருக்கு" என்பார். அந்தச் சோடா வயிற்றை இன்னும் ஊதப்பண்ணி, ஏவறையோடு அமிலத்தையும் மேலே கொண்டுவந்தது என்று எனக்கு யார் சொன்னார்கள்? மருந்துக்கடையில் வாங்கின வெள்ளைப் பாணி மருந்தும் எப்போதும் மேசையில் இருக்கும். எரிவு அடங்கும், அதோடு மறந்துவிடுவோம்.

ஒருநாள் காலை பாண் துண்டு அவருக்கு நெஞ்சுக்குள் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தும் இறங்கவில்லை. பிறகு சோறும் அப்படியே நிற்கத் தொடங்கியது. வாயால் கமராக் குழாய் விட்டு எண்டொஸ்கொபி செய்து பார்த்தால், உணவுக்குழாயின் அடிப்பகுதி புண்ணாகி ஆறி, திரும்பப் புண்ணாகி ஆறி, தழும்பு விழுந்து ஒடுங்கிப் போயிருந்தது. உள்ளே பலூன் விட்டு விரித்தார்கள். இரண்டு தரம் செய்ய வேண்டி வந்தது. வெளியே வாங்கில் இருந்த எனக்கு, நான் ஊற்றிக் கொடுத்த ஒவ்வொரு கிளாசும் ஞாபகம் வந்தது.

டொக்டர் ஒரு கடதாசியில் படம் கீறி விளங்கப்படுத்தினார். உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தில் தசை ஒன்று வளையமாக இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, உடனே மூட வேண்டும். அது நேரங்கெட்ட நேரத்தில் தளர்ந்தால் அமிலம் மேலே வரும். இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கத் தடித்த சளிப்படலம் இருக்கிறது, உணவுக்குழாய்க்கு அந்தக் காப்பு இல்லை. அப்பாவுக்கு இரைப்பையின் மேற்பகுதியே, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத் தசையின் ஓட்டைக்குள்ளால் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் ஏறியிருந்தது. ஹயாட்டஸ் ஹேர்னியா என்றார்கள். வயிற்றுக் கொழுப்பும் சிகரெட்டும் வேறு. உனக்குச் சிகரெட் இல்லை. ஆனால் இரவு பதினொரு மணிச் சாப்பாடும், கோப்பியும், இந்த இரண்டு வருடத்தில் வைத்த வயிறும் இருக்கிறது. முதுகுவலிக்குப் போடுகிற இபுபுரோஃபனையும் டொக்டரிடம் சொல், அந்தக் குளிசைகள் உணவுக்குழாயையும் வயிற்றையும் புண்ணாக்கும்.

நெஞ்சு எரியவில்லையே என்று நீ சொல்லுவாய். சிலருக்கு எரிவே இருக்காது. அமிலம் தொண்டை வரை வந்து இருமலாக, குரலடைப்பாக, ஏதோ சிக்கியிருப்பது போலக் காட்டும். பல்லைக்கூட அரிக்கும். ஆஸ்துமாவிலும் இரவில் இருமல் வரும், அதனால் எது என்று நீயும் நானும் தீர்மானிக்க வேண்டாம். உன் குடும்ப வைத்தியர் பார்க்கட்டும்.

ஒமிப்ரசோல் மாதிரிக் குளிசை தந்தால், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்திப் போடு. சாப்பாடு வரும்போது இயங்கத் தொடங்குகிற அமிலப் பம்புகளைத்தான் அது அடைக்கிறது. அப்பா மாதக்கணக்காக அதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுவிட்டு, வேலை செய்யவில்லை என்று குறைப்பட்டார். வழக்கமாக 8 கிழமை கொடுப்பார்கள். தொண்டைக் கரைச்சல் அடங்க அதைவிடக் கூடிய காலம் எடுக்கலாம், பொறுத்துக்கொள். டொக்டரைக் கேட்காமல் வருடக்கணக்காக விழுங்கவும் கூடாது, பி12உம் மக்னீசியமும் குறையலாம். முந்தி நான் பார்சலில் அனுப்பின, அமிலம் குறைக்கிற ரனிடிடின் குளிசை இன்னும் இருந்தால் மருந்துக்கடையில் திருப்பிக் கொடு. அதில் புற்றுநோய் அபாயமுள்ள பொருள் ஒன்று இருந்ததால் 2019, 2020இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அப்பாவின் கட்டில் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே இன்றைக்கும் ஆறு அங்குல மரக்கட்டை இருக்கிறது. தலையணையை அடுக்கினால் உடம்பு நடுவில் மடிந்து வயிறுதான் நசியும், ஆகவே கட்டிலையே உயர்த்து. இடப்பக்கம் சரிந்து படு, இரைப்பை அந்தப் பக்கம் பதிந்திருப்பதால் அமிலம் உணவுக்குழாய் சேருமிடத்துக்குக் கீழே நிற்கும். படுக்க மூன்று மணித்தியாலம் முந்திச் சாப்பிட்டு முடி. சாப்பாட்டை எல்லாம் வெறுக்கச் சொல்லவில்லை. எது உனக்குக் கரைச்சல் தருகிறது என்று பார்த்து அதை மட்டும் விடு. அப்பா பொரியல்களைக் குறைத்துவிட்டார், ஆனாலும் காலிமுகத்திடலுக்குப் போனால் பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரேயொரு இறால் வடை சாப்பிடுவார். அதை நான் தடுப்பதில்லை.

சாப்பாடு சிக்கினால், காரணமில்லாமல் மெலிந்தால், மலம் கறுப்பாகப் போனால், இரத்தமாகச் சத்தி எடுத்தால் ஒருநாளும் பிந்தாதே. நெஞ்சை அமுக்குகிற மாதிரி வலித்து, கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்தால் அதைக் 'காஸ்' என்று சொல்லிக்கொண்டு சோடா தேடாதே ராசா. உடனே 911ஐ அழை. இங்கே 1990 என்றால் அம்புலன்ஸ் வரும், அந்த இலக்கத்தை அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கதைக்கும்போது டொக்டரிடம் எந்தத் திகதி போகிறாய் என்று சொல். அப்பாவும் பக்கத்தில் இருப்பார், பலூன் விட்ட கதையைத் தானே சொல்ல வேண்டுமாம்.

அன்புடன்,
அம்மா