ஸ்பாய்லர் போடும் முறை: எல்லாரும் ஒரு தடவை படிச்சுடுங்க

ஒன் பீஸ் மாங்காவின் (ஜப்பானியக் காமிக்ஸ்) புது அத்தியாயம் மாங்கா பிளஸ் செயலியில் வருவது ஜப்பான் நேரப்படி ஞாயிறு முடிந்து திங்கள் பிறக்கும் நள்ளிரவு 12 மணிக்கு. அதிலிருந்து புதன் இரவு வரை கதை பற்றிய எதுவும் (அதான் ஸ்பாய்லர்) திரை போட்டு மறைச்சுத்தான் வரணும். வெளியாகும் முன்பே கசிந்த பக்கங்கள் இந்தக் குழுவில் வேண்டவே வேண்டாம்.

டெலிகிராமில் வரியின் இரு முனையிலும் || போட்டால் எழுத்து மறையும். படத்துக்கு, அனுப்பும் முன் மெனுவில் ஸ்பாய்லர் தேர்வு இருக்கு.

பெரும்பாலும் சொதப்புவது ஒரே இடத்தில்தான்: "சான்ஜி ||இப்படிப் பண்ணிட்டான்||" என்று கதாபாத்திரத்தின் பெயரை வெளியே விட்டுவிடுவது. பாதிக் கதை அதிலேயே போச்சு! பெயரும் உள்ளேதான். வெளியே அத்தியாய எண் மட்டும். லிங்க் போட்டால் முன்னோட்டப் படத்தை நீக்கிடுங்க, அதுவும் காட்டிக்கொடுக்கும்.

எண்ணுக்கு முன்னால் 'மாங்கா' அல்லது 'அனிமே' (அதன் அனிமேஷன் தொடர்) கட்டாயம். இரண்டுமே 1100-ஐத் தாண்டியாச்சு; வெறும் "1100" என்றால் எதுன்னு யாருக்கும் புரியாது.

மாங்கா பக்கத்திலிருந்து கட்டங்களை வெட்டிப் போடுறவங்க, மாங்காவைப் படிக்கிற மாதிரி வலமிருந்து இடமாகவே வரிசைப்படுத்துங்க. மாறினால் பதில் முதலிலும் கேள்வி பின்னாலும் வரும்.

திரையில்லாத பதிவை அட்மின் கேட்காமலே நீக்குவார். கோவிச்சுக்காம திருத்தி மறுபடி போடுங்க.