தென் கரோலைனா நெல்: முருகேசனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. வாய்க்காலுக்குப் புது மதகுக் கதவு வந்துவிட்டதில் சந்தோஷம். இனி கடைமடைக்கும் தண்ணீர் போகும். அமெரிக்காவில் அன்று ஆங்கிலேயர் குடியேற்றமாக இருந்த தென் கரோலைனாவில் பிரபுக்களின் ஆட்சி போய் மன்னராட்சி வந்ததால் நெல் பெருகியதா, நெல் பெருகியதால் மன்னராட்சி வந்ததா என்று கேட்டிருந்தாய். என் கணிப்பில் நெல்தான் முந்தி.

1663-ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் எட்டுப் பிரபுக்களுக்கு எழுதிக்கொடுத்த சீமை அது. 1690-களிலேயே அங்கே நெல் வேரூன்றிவிட்டது. 1715-ல் யாமசி என்ற பூர்வகுடிகளோடு போர் மூண்டபோது பிரபுக்களிடமிருந்து உருப்படியான உதவி எதுவும் வரவில்லை. 1718-ல் கருந்தாடி என்ற கடற்கொள்ளையன் சார்ல்ஸ்டன் துறைமுகத்தையே மறித்தான். 1719 டிசம்பரில் குடியேறிகளின் சட்டமன்றம் பிரபுக்களின் ஆளுநர் ராபர்ட் ஜான்சனை இறக்கிவிட்டு, மன்னரே எங்களை ஆளட்டும் என்றது. 1729-ல் பிரிட்டிஷ் அரசு பிரபுக்களின் எட்டுப் பங்கில் ஏழை, பங்குக்கு 2,500 பவுண்டு கொடுத்து வாங்கியது. அடுத்த ஆண்டு அதே ஜான்சன் மன்னரின் ஆளுநராகத் திரும்பினார்.

ஆனால் அதன்பின் மன்னராட்சி தோட்டக்காரர்களுக்கு நன்றாகவே கைகொடுத்தது. நிலம் தலைக்கு 50 ஏக்கர். அடிமைகளையும் தலைக்கணக்கில் சேர்க்கலாம். ஆளை வாங்கினால் நிலம், நிலத்தில் நெல், நெல் விற்ற காசில் மறுபடி ஆள். 1705 முதல் அரிசியெல்லாம் இங்கிலாந்து வழியாகத்தான் போகவேண்டும் என்ற கட்டு இருந்தது. போர்ச்சுகலில் இறைச்சி விலக்கி நோன்பிருக்கும் தவக்காலத்துக்குத்தான் அரிசிக்குக் கிராக்கி. சுற்றிப் போனால் பருவம் தப்பிவிடும். 1730-ல் தென் ஐரோப்பாவுக்கு நேராக அனுப்ப அனுமதி கிடைத்தது.

முதலில் உள்நாட்டுச் சதுப்பில்தான் பயிர். மேல்பக்கம் கரை போட்டுத் தேக்குவார்கள். வறண்டால் தேக்கம் காயும், பெருமழை பெய்தால் கரை உடையும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆற்றின் ஓதத்தை, அதாவது கடல் ஏறி இறங்கும்போது ஆற்றுநீரும் ஏறி இறங்குவதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். உனக்குப் பிடிக்கும் பகுதி இதுதான். கரையின் அடியில் குறுக்காக நீளமான மரப்பெட்டி, இரு முனையிலும் தொங்கும் கதவு. நீர் பாய்ச்ச ஆற்றுப்பக்கக் கதவைத் தூக்கிவிட்டு வயல்பக்கக் கதவைத் தொங்கவிடுவார்கள். ஓதம் ஏறும்போது தண்ணீர் அதைத் தள்ளித் திறக்கும். வடியும்போது வயல் நீரே அதை அடைத்துக்கொள்ளும். வடிக்க, இதையே மாற்றிச் செய்வார்கள். பெட்டியின் பக்கவாட்டில் மண் சரியாக இறுகாவிட்டால் கசிவு தொடங்கி, கரையே பிய்த்துக்கொண்டு போகும். இடத்தேர்வும் கடினம்: கடலுக்கு ரொம்பக் கிட்டே என்றால் உப்பு ஏறும், தள்ளிப்போனால் ஓதம் எட்டாது.

இத்தனையும் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பு. மேற்கு ஆப்பிரிக்க நெல்நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. குதிகாலால் குழி அழுத்தி விதை போட்டுக் காலாலேயே மூடுவது, கோரையில் பின்னிய முறத்தில் புடைப்பது என்று அவர்களின் கைப்பழக்கம் வயலில் தெரிந்தது. ஆளுக்கு நாள்வேலை பெரும்பாலும் கால் ஏக்கர், அதாவது சுமார் 105 அடிச் சதுரம். அதைவிடக் கொடுமை குத்துவது. அறுவடைக்குப் பிறகு, பகல் வயல்வேலை போக, மர உரலில் உலக்கை போடவேண்டும். ஓங்கிக் குத்தினால் அரிசி நொறுங்கி விலை போகாது. மெல்லக் குத்தினால் தவிடு போகாது. தண்ணீரால் ஓடும் ஆலைகள் 1780-களின் பிற்பகுதியில்தான் வந்தன.

1708 வாக்கிலேயே அங்கே வெள்ளையரும் கறுப்பரும் கிட்டத்தட்ட சரிபாதி. பிறகு கறுப்பர்தான் பெரும்பான்மை. 1739 செப்டம்பரில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டே வந்த சட்டம் அவர்கள் கூடுவதையும் எழுதக் கற்பதையும் தடுத்தது. வேலை நேரத்துக்கு அது வைத்த வரம்பைப் பார்: மார்ச் 25 முதல் செப்டம்பர் 25 வரை நாளுக்கு 15 மணி நேரம், மற்ற மாதங்களில் 14. சட்டம் 'கருணை' காட்டிய இடம் இது என்றால், அதற்கு முன் வயலில் நடந்ததை யோசிக்கவே நெஞ்சு பதறுகிறது.

உங்கள் பக்கம் கடல்நீர் ஏறும் வாய்க்கால்களில் கதவை எந்த நேரத்தில் இறக்குகிறார்கள் என்று விசாரித்து எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சிவராமன்