போலி கஸ்டமர் கேர் நம்பர்: எல்லாரும் படிங்க

வணக்கம். நேத்து அம்மா வாஷிங் மெஷின் சர்வீஸுக்கு நெட்ல தேடி, முதல்ல வந்த நம்பருக்கே போன் போட்டுட்டாங்க. "அம்மா, புக்கிங்குக்கு 5 ரூபாய் கட்டினா போதும்"னு தன்மையா பேசி, ஒரு ஆப்பை இறக்க வச்சிருக்கான். நம்ம போன் திரையை அவனுக்கு அப்படியே காட்டுற ஆப் அது. கார்டு நம்பர், ஓடிபி எல்லாம் பார்த்துட்டான். பத்து நிமிஷத்துல 48,000 ரூபாய் போயிடுச்சு. அம்மா ராத்திரி சாப்பிடவே இல்ல.

உடனே சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930க்கு அடிச்சுப் புகார் கொடுத்தோம், பேங்க்ல சொல்லி கார்டையும் முடக்கியாச்சு. தாமதிக்காம கூப்பிட்டாதான் போன பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கு. பெரியவங்க போன்ல இந்த 1930 நம்பரை இன்னைக்கே போட்டு வைங்க. சர்வீஸ் நம்பரை பில்லுலயோ வாரன்டி கார்டுலயோ மட்டும் பாருங்க.

யாருக்காவது இப்படி நடந்திருந்தா தயங்காம சொல்லுங்க, ஸ்டேஷனுக்கு நானும் கூட வர்றேன்.