டார்செஸ்டரிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலையா? இங்கே இங்கிலாந்தில் குளிர் விட்டுவிட்டது. எட்டு மணி வரை வெளிச்சம் இருப்பதால் டியூட்டி முடிந்து வந்ததும் ஃப்ரூம் ஆற்றோரம் நடக்கிறேன். அப்புறம் ராத்திரி முழுக்க தாமஸ் ஹார்டியின் நாவல்கள்தான்.

நீங்கள் பி.ஏ.வில் படித்த அவர் நாவலில் வரும் கேஸ்டர்பிரிட்ஜ் என்ற ஊர் இந்த டார்செஸ்டர்தான் அப்பா. சவுத் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய செங்கல் வீட்டில், அந்த நாவலின் நாயகனான மேயர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் வீடு என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். கோதுமைக் கஞ்சியில் ரம் ஊற்றிக் குடித்துவிட்டு, பெண்டாட்டியை ஐந்து கினிப் பணத்துக்கு விற்றவனுக்கா இந்த மரியாதை என்று அம்மா கேட்பாள்!

ஆனால் என்னை இழுத்துப் பிடித்திருப்பது 1891-இல் வந்த அவருடைய 'டெஸ்' நாவல். அழவைக்கிற கதைதான். அதற்கு நடுவில் நாயகி டெஸ் பால் கறக்கப் போகும் பண்ணை வருகிறதே, அந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஒருநாள் வெண்ணெயில் வாடை அடிக்கிறது என்று வாடிக்கையாளரிடமிருந்து புகார் வருகிறது. பண்ணைக்காரர் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, 'பூண்டு!' என்கிறார். மாடு எங்கோ காட்டுப்பூண்டைக் கடித்திருக்கிறது. உடனே பண்ணையே வரிசை கட்டி, குனிந்தபடி புல்வெளி முழுக்கத் தேடுகிறது. அவ்வளவு பெரிய வெளியில் அகப்படுவது ஐந்தாறு முளைகூட இருக்காது. ஆனால் ஒரு மாடு ஒரு வாய் தின்றால் போதும், அன்றைய வெண்ணெய் மொத்தமும் நாறிவிடும். அந்த வரிசையில்தான், பண்ணையில் தொழில் கற்க வந்திருக்கும் ஏஞ்சல் என்ற இளைஞன் டெஸ்ஸுக்குப் பக்கத்தில் நகர்ந்து வருகிறான். காதல் வளர ஹார்டி பிடித்த இடத்தைப் பாருங்கள்! இன்னொரு நாள் எவ்வளவு கடைந்தும் வெண்ணெய் திரளவில்லை. வீட்டில் யாரோ காதலில் விழுந்திருக்கிறார்கள், அதனால்தான் என்கிறாள் பண்ணைக்காரரின் மனைவி. டெஸ்ஸுக்கு எப்படி இருந்திருக்கும்!

வெள்ளம் நின்ற பாதையில் ஏஞ்சல், டெஸ்ஸையும் அவளோடு பால் கறக்கும் மூன்று பெண்களையும் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போய் அக்கரையில் விடும் இடமும் அழகு. பத்திரிகையில் தொடராக வந்தபோது அது ஆகாது என்று ஆசிரியர் சொல்ல, ஹார்டி அவன் கையில் ஒரு தள்ளுவண்டியைக் கொடுத்துவிட்டார். புத்தகமானபோது மறுபடி தூக்க வைத்தார். நல்லவேளை.

1874-இல் வந்த 'ஃபார் ஃப்ரம் த மேடிங் கிரவுட்' என்ற அவருடைய இன்னொரு நாவலில் கேப்ரியல் ஓக் என்ற மேய்ப்பன் வருகிறான். அவனுடைய எஜமானி பாத்ஷீபாவின் ஆடுகள் குளோவர் என்ற இளம் தீவனப் பயிரில் புகுந்து மேய்ந்து, 57 ஆடுகளுக்கு வயிறு உப்பிப்போகிறது. வைத்தியம் தெரிந்தவன் ஓக் ஒருவன்தான், அவனையோ முந்தின நாள்தான் வேலையை விட்டு அனுப்பியிருக்கிறாள். அதிகாரமாகக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறான். தன்னைக் கைவிட வேண்டாம் என்று அவள் எழுதிக் கேட்ட பிறகுதான் வருகிறான். விலாவில் சரியான இடம் பார்த்துக் குத்தி, காற்றை இறக்கி 49 ஆடுகளைப் பிழைக்க வைக்கிறான். நான் தினமும் ஊசி போடுகிறவள். இடம் தப்பினால் உயிர் போகும் என்ற அந்தப் பயத்தில் எனக்கே கை வியர்த்துவிட்டது.

இதையெல்லாம் அம்மாவுக்குத்தான் படித்துக் காட்ட வேண்டும் அப்பா. மாட்டோடு வாழ்ந்தவளுக்கு இந்த ஆள் எவ்வளவு தெரிந்து எழுதியிருக்கிறார் என்று புரியும். நம் செவலைக்கு இளஞ்சோளம் தின்று வயிறு உப்பியபோது அம்மா என்ன கொடுத்தாள் என்று கேட்டு அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை பியர் ரீஜிஸ் தேவாலயத்துக்குப் போகிறேன். டெஸ்ஸின் முன்னோர் கல்லறைகளாக ஹார்டி காட்டியது அங்கே இருப்பவற்றைத்தான். போட்டோ அனுப்புகிறேன்.

அன்பு மகள்,
கலா