கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை மலைக்கு வாருங்கள்

வெளிநாடுகளோடு வர்த்தக ஒப்பந்தம் பேசுகிற அமைச்சர்மார், அதிகாரிமார் எல்லோருக்கும்,

வணக்கம். இலங்கை மலையகத்தில், நுவரெலியாவுக்குப் பக்கத்துக் கந்தப்பளையிலிருந்து எழுதுகிறேன். அம்மா இன்னும் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். நான் குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போடுகிறேன். ஆக, நீங்கள் பேசுகிற ஏற்றுமதியும் இறக்குமதியும் எங்கள் ஒரே லயத்துக் காம்பராவுக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறைக்குள், இருக்கின்றன.

ஒப்பந்தம் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கும். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்டதில், இந்திய வம்சாவளியான எங்கள் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியா பக்கம், 3 இலட்சம் பேர் இலங்கை பக்கம், மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று பங்கு பிரித்தார்கள். ஆச்சியின் தங்கை அப்படித்தான் போனார். அந்த ரயிலுக்கு இங்கே ஒப்பாரிக் கோச்சி என்று பேர். அது வர்த்தக ஒப்பந்தம் இல்லை, தெரியும். ஆனால் எங்களைப் பற்றிப் பேசுகிற மேசையில் எங்களுக்கு நாற்காலி இல்லை என்பது அன்றிலிருந்து மாறவில்லை.

நான் வெளிநாட்டு வியாபாரத்துக்கு எதிரி இல்லை. தேயிலை கப்பல் ஏறாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் கிடைத்தது என்ன, கொடுத்தது என்ன என்று கேட்கலாம்தானே? இந்தியாவோடு 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில், சலுகை வரியில் வருடத்துக்கு 15 மில்லியன் கிலோ தேயிலை அனுப்பலாம் என்றார்கள். அதுவும் தொடக்கத்தில் கொச்சி, கொல்கத்தா என்ற இரண்டு துறைமுகங்கள் வழியாக மட்டும். தானே நூறு கோடி கிலோவுக்கு மேல் விளைவிக்கிற நாட்டில் போய் நாம் தேயிலை விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை.

மிளகிலே வேறு கதை. வியட்நாம் மிளகைக் கொண்டுவந்து, இலங்கை மிளகு என்று தாள் எழுதி, வரிச்சலுகையோடு இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள் என்று கேரளத்திலும் குடகிலும் விவசாயிகள் கொதித்தார்கள். 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. விலை விழுந்ததற்கு உலகச் சந்தையும் காரணம், அது வேறு. ஆனால் களவு செய்தவன் யாரோ, பழி மாத்தளையில் கொல்லையில் நாலு கொடி வைத்திருப்பவன் தலையிலும் விழுந்தது. ஒரு பொருள் எந்த நாட்டில் விளைந்தது என்று பார்க்கிற விதியை எழுதினால் மட்டும் போதாது, துறைமுகத்தில் மூட்டையைத் திறந்து பார்க்க ஆள் வேண்டும்.

இனி என் கிழங்குக்கு வருகிறேன். ஒரு போகம், தோண்டி மூட்டை கட்டி ரோட்டோரத்தில் பொலித்தீன் போட்டு மூடிவைத்துவிட்டு லொறிக்குக் காத்திருந்தேன். முதல் நாள் இரவு பேசிய விலை காலையில் பாதி. 'கொழும்பில் வெளிக்கிழங்கு இறங்கிட்டு தம்பி, நான் என்ன செய்ய' என்றார் வியாபாரி. அவரையும் குறை சொல்ல முடியாது. கிழங்கைத் திரும்ப மண்ணுக்குள் வைக்கவா முடியும்? இரண்டு நாள் வெயில் பட்டால் பச்சை பிடித்துவிடும். கொடுத்துவிட்டேன். விதைக்கிழங்குக் கடனை அடைக்க அம்மாவின் தோடு போனது.

வெளிநாட்டிலிருந்து இறக்குகிற கிழங்குக்கு விசேட பண்ட வரி என்று ஒன்று இருக்கிறது. அது அரச வர்த்தமானி அறிவித்தலில் ஏறும், இறங்கும். விதைக்கும்போது ஒரு வரி, மூன்று மாதம் கழித்துத் தோண்டும்போது வேறு வரி. எரிச்சலான விஷயம்தான், என்றாலும் அறுவடை நேரத்தில் அதை ஏற்றச் சொல்லி சத்தமாவது போடலாம். நாளைக்கு ஒரு வெளிநாட்டோடு கிழங்குக்கு வரி குறைப்போம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுப் போகும். ஆகவே, வரி குறைக்கமாட்டோம் என்று ஒதுக்கிவைக்கிற பட்டியலில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது எனக்குக் கையெழுத்துக்கு முன்னால் தெரியவேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் தெரியவேண்டும். வெலிமடையில் கிழங்கு போடுகிற சிங்களச் சகோதரருக்கும் இதே பாடுதான்.

சிங்கப்பூர் ஒப்பந்தம் 2018 ஜனவரியில் கையெழுத்தாகி மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அப்புறம்தான் அதை ஆராயச் சொல்லி அன்றைய ஜனாதிபதி நிபுணர் குழு போட்டார். தாலி கட்டிய பிறகு ஜாதகப் பொருத்தம் பார்த்தால் யாருக்கு லாபம்? தாய்லாந்தோடு 2024 பெப்ரவரியில் கையெழுத்தாகிவிட்டது. இந்தியாவோடு எட்கா என்கிற பொருளாதார, தொழில்நுட்பக் கூட்டுறவு ஒப்பந்தம் பற்றி வருடக்கணக்காகப் பேசுகிறீர்கள். பேசுங்கள். ஆனால் கொழும்பு ஹோட்டலில் கம்பனிக்காரர்களோடு நடத்துகிற கூட்டத்தை 'மக்கள் கருத்துக் கேட்டோம்' என்று எழுதாதீர்கள். ஒரு தடவை நுவரெலியாவிலும் ஒரு தடவை பண்டாரவளையிலும் வையுங்கள். தொழிற்சங்கத் தலைவர்களை மட்டும் கூப்பிட்டு அனுப்பிவிடாமல், கொழுந்து பறிக்கிற பெண்களையும் உட்காரவைத்து, ஏற்றுமதி கூடினால் நாட்சம்பளத்தில் எத்தனை ரூபாய் கூடும் என்று அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மற்ற நாளில் வைத்தால் அம்மாவுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும்.

இப்படிக்கு,
கந்தப்பளையிலிருந்து ஒரு கிழங்குக்காரன்