ஒரு ஆளுக்கு மா அளவு கேட்ட மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் செய்தி கிடைத்தது. மீன்கறி வைத்துச் சுடுகிற மாலுபாண் செய்ய ஒரு ஆளுக்கு எவ்வளவு மா போடவேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தாய். சுகம் விசாரிக்கவும் இல்லை, வேறு கதையும் இல்லை. போனில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று வைத்துவிடுவாய் என்பதால் கொப்பித் தாளில் எழுதுகிறேன். அண்ணாவின் மூத்தவள் படம் பிடித்து அனுப்பிவிடுவாள்.

ஒரு ஆளுக்கு என்று மாலுபாணுக்கு அளவே கிடையாது, பிள்ளை. அரைக் கிலோவுக்குக் குறைய நான் ஒருநாளும் மா குழைத்ததில்லை. கொஞ்ச மா என்றால் கைக்குப் பிடிபடாது. அரைக் கிலோ கோதுமை மாவுக்கு ஈஸ்ட் 7 கிராம். அங்கே கடையில் சின்னப் பைக்கற்றாக வருமே, அதில் ஒன்று போதும். சீனி மூன்று மேசைக்கரண்டி, உப்பு மட்டமாக ஒரு தேக்கரண்டி, முட்டை ஒன்று, பட்டர் 50 கிராம், பால் கால் லீட்டர். இதில் பன்னிரண்டு வரும். மருமகன் இருந்த இருப்பில் நாலு சாப்பிடுவார், அது எனக்குத் தெரியும். போன முறை நான் அங்கே வந்து நின்றபோது, வேலையால் வரும்போதெல்லாம் ஸ்காபரோத் தமிழ்க் கடையில் ஒரு பெட்டி மாலுபாணும் ரோல்ஸும் வாங்கிக்கொண்டு வருவார். இப்போது வேலை கூடவோ? கடைக்குப் போக நேரமில்லையோ? வாசலில் இறங்கினால் கடை இருக்கிற ஊரில் நீ தனியாக மா குழைக்க வெளிக்கிட்டிருக்கிறாய். செய்து பழகுவது நல்லதுதான், அதற்குக் குறை சொல்லவில்லை.

பாலைக் கவனி. விரலை விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. சூடு கூடினால் ஈஸ்ட் செத்துப்போகும். 60 பாகை செல்சியஸுக்கு மேலே அது பிழைக்காது. பாலில் சீனியைக் கரைத்து ஈஸ்ட்டைத் தூவிப் பத்து நிமிடம் மூடி வை. மேலே நுரை கட்டினால் ஈஸ்ட் நல்லது. நுரைக்காவிட்டால் ஊற்றிவிட்டு வேறு பைக்கற் எடு. ஒரு பைக்கற் ஈஸ்ட் போகட்டும், அரைக் கிலோ மாவைப் பாழாக்காதே. உப்பை மாவோடு கலந்துகொள், ஈஸ்ட்டின் தலையில் கொட்டாதே. பிறகு நுரைத்த பாலையும் முட்டையையும் மாவில் விட்டுக் குழை.

கனடா மா இங்கத்தை மாவைப் போல இல்லை. வலுவான கோதுமையில் அரைத்தது, பால் கொஞ்சம் கூடக் குடிக்கும். முதலில் கையெல்லாம் ஒட்டும். ஒட்டுகிறதே என்று திரும்பத் திரும்ப மா தூவினால் பாண் கல்லாகிவிடும். உள்ளங்கையின் அடியால் முன்னுக்குத் தள்ளி, மடித்து, கால்வட்டம் திருப்பி, திரும்பத் தள்ளு. பத்து நிமிடம் விடாமல் செய். பட்டரைப் பாதியில் சேர். பிறகு ஒரு தேசிக்காய் அளவு மாவைக் கிள்ளி இரண்டு கையாலும் மெல்ல இழுத்துப் பார். கிழியாமல் மெல்லிய சவ்வாக விரிந்து, யன்னல் பக்கம் பிடித்தால் வெளிச்சம் தெரியவேண்டும். கிழிந்தால் இன்னும் குழைக்கவேண்டும். இது உனக்குத் தெரியும். சின்னவளாக இருக்கும்போதே அந்தச் சவ்வை முகத்துக்கு நேரே பிடித்து என்னைப் பார்த்துச் சிரிப்பாய்.

இப்போது அங்கே பனிக்காலம், மா பொங்கச் சுணங்கும். ஓவனைச் சூடாக்காமல் உள்ளே லைற்றை மட்டும் போட்டு, ஈரத் துணியால் மூடிய சட்டியை வை. ஒரு மணித்தியாலத்தில் இரண்டு மடங்காகும். வீட்டில் ஹீற்றர் ஒழுங்காக வேலை செய்கிறதுதானே? பொங்கலன்று நீ கதைத்தபோது வீட்டுக்குள்ளேயே ஜக்கெற் போட்டுக்கொண்டு இருந்தாய். பின்னுக்குத் தெரிந்த சுவரும் பழைய சுவர் இல்லை. கலியாணப் படம் மாட்டியிருந்த சுவர் இளமஞ்சள் நிறம் என்றுதான் எனக்கு நினைவு.

சரி, கறிக்கு வருவோம். அங்கே ரின் மீன் போதும். தண்ணீரை ஒட்டப் பிழிந்துவிடு. இரண்டு ரின் மீனுக்கு உருளைக்கிழங்கு நடுத்தரமாக மூன்று அவித்து, ஒன்றிரண்டாக மசி. வெண்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் பொடியாக வெட்டி, கொஞ்ச எண்ணெயில் வதக்கி, மஞ்சள், மீன், கிழங்கு போட்டுப் பிரட்டு. மிளகை அப்போதே இடித்துப் போடு. இறக்கியபிறகு தேசிக்காய்ப் புளி. கறி தாச்சியில் ஒட்டாமல் உருண்டு வரவேண்டும், ஈரம் இருந்தால் பாணின் அடி களியாகிவிடும். நன்றாக ஆறவிடு. சூட்டோடு வைத்தால் மா இளகிப்போகும்.

பொங்கிய மாவைப் பன்னிரண்டு உருண்டையாக்கி, ஒவ்வொன்றையும் கையளவு வட்டமாகத் தட்டு. நடு தடிப்பாகவும் ஓரம் மெல்லிசாகவும் இருக்கட்டும். கறியை நடுவில் வைத்து மூன்று பக்கத்தையும் தூக்கி நடுவில் சேர்த்து, ஓரங்களைக் கிள்ளிப் பூட்டு. ஓரத்தில் எண்ணெய் பட்டால் பூட்டாது. பூட்டின பக்கம் அடியில் வரத் தட்டில் அடுக்கி, அரை மணித்தியாலம் திரும்பப் பொங்க விட்டு, மஞ்சள் கருவில் கொஞ்சம் பால் விட்டுப் பூசு. 190 பாகை செல்சியஸில் இருபது நிமிடம்.

உன் மூலைகள் என் மூலைகளைவிட வடிவாக வரும். அப்பாவும் அதைத்தான் சொல்லுவார். 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தபிறகு ஈஸ்ட்டுக்கு நாங்கள் பட்ட பாடு உனக்குக் கனவு மாதிரியாவது நினைவிருக்கும். அப்பத்துக்கு விடுகிற கள்ளை விட்டு மாவைப் புளிக்க வைப்பேன். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அடுப்பைத் தொட முடியாது. பெரிய சட்டிக்குள் மணலைப் பரப்பி, தட்டை உள்ளே வைத்து, மூடிக்கு மேலே தணல் போட்டுச் சுடுவோம். மீன் கிடையாத நாளில் கிழங்கும் வெண்காயமும்தான். அப்போதும் எங்கள் வீட்டுக்கு மட்டும் என்று சுட்டதில்லை. வேலிப் பொட்டால் நீதான் தட்டைக் கொண்டு போவாய். 95இல் சண்டைக்குப் பயந்து சாவகச்சேரிக்கு ஓடியபோதும் அந்தத் தட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனோம். அப்படி வளர்ந்த பிள்ளை ஒரு ஆளுக்கு அளவு கேட்டால் நான் என்னவென்று நினைப்பது?

உன்னைப் பற்றி யார் கேட்டாலும் தலை நிமிர்த்தித்தான் சொல்லுகிறேன். கடனுக்குப் படித்து, கடனையும் அடைத்து, அண்ணாவின் வீட்டுக்கு ஓடு போடக் காசு அனுப்பினவள் நீ. ஆனால் நாலு வார்த்தை கதைக்கப் பஞ்சிப்படுகிறாய். மருமகனைக் கேட்டால் வேலை என்கிறாய். ஞாயிறும் வேலை, பொங்கலும் வேலை. பின் ஒழுங்கை ரீச்சரின் மகன் உன்னை அங்கே கடையில் கண்டானாம். ரீச்சர் வந்து என்னவோ சொன்னா. நான் கேட்டுக்கொண்டு நின்றேன், ஒன்றும் திருப்பிக் கேட்கவில்லை. என் பிள்ளையின் கதையை என் பிள்ளை சொல்லட்டும்.

பெரியம்மாவுக்கு இந்த ஊர் செய்ததை நினைத்து நீ பயப்படுகிறாய் என்றால் அது வேண்டாம். அவ சாகும்வரை தாய் வீட்டுப் படி ஏறவில்லை. இந்த வீட்டில் நான் இருக்கும்வரை அப்படி ஒன்று நடக்காது.

பன்னிரண்டையும் சுடு. ஆறினதும் பைகளில் போட்டு ஃபிரீசரில் வைத்தால் ஒரு மாதம் இருக்கும். ஒன்றை எடுத்து ஓவனில் பத்து நிமிடம் வைத்தால் அன்று சுட்டது போலத்தான். வேலையிடத்துக்கும் நாலு கொண்டு போ. பால் சூடு கூடாமல் பார்த்துக்கொள், கறி ஆறட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

சித்திரை வருசத்துக்கு வா. ஒருவராக வருகிறாயா, இரண்டு பேராக வருகிறாயா என்று நான் கேட்கமாட்டேன், யாரையும் கேட்கவும் விடமாட்டேன். ரிக்கெற் காசு தருவதாக அண்ணா சொல்லியிருக்கிறான். லீவு கிடைக்குமா என்று வேலையிடத்தில் கேட்டு, அவனுக்கு இந்தக் கிழமையே சொல்லு. பிந்தினால் விலை ஏறிவிடுமாம்.

அன்புடன்,
அம்மா