முன்சீப்பாகத் தொடங்கியவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி யார் என்ற வினாவுக்கு, மாணவர் பகுதியில் 'பாத்திமா பீவி, 1989' என்று விடை தந்திருந்தீர்கள். சரிதான். ஆனால் இரண்டு வரி சேர்த்திருக்கலாம்.

கேரளத்தில் 1958-ல் முன்சீப்பாக, அதாவது கீழ்நிலை சிவில் நீதிபதியாகச் சேர்ந்து, சார்பு நீதிபதி, மாவட்ட நீதிபதி என்று படிப்படியாக ஏறியவர் அவர். உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்ற அதே ஆண்டு, அக்டோபர் 6 அன்று டெல்லியில் பதவியேற்றார். 1950-ல் தொடங்கிய நீதிமன்றத்தில் ஒரு பெண் உட்கார 39 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன! அடுத்தவரான சுஜாதா மனோகர் வந்தது 1994-ல்தான்.

முன்சீப் கோர்ட்டில் கட்டு தூக்கி, வாய்தா தேதி எழுதியே காலம் கழித்தவன் நான். அந்தக் கீழ்ப்படியிலிருந்து ஒருவர் அங்கே போய் அமர்ந்ததை வெறும் பெயரும் வருடமுமாகச் சுருக்கிவிடாதீர்கள். பின்னாளில் நம் மாநிலத்துக்கே ஆளுநராக இருந்தவர். பிள்ளைகளுக்கு இதையும் அச்சிட்டுக் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர்,
தென்காசி